குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம், டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: ஆஸ்பத்திரி பெஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வடசென்னை, தண்டையார்பேட்டை. வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. ஒன்றரை வயதில் அவள் நடக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. அதன் பிறகு இரண்டரை வருடம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் போனது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாக்கள் என்னைக் கேட்டதும், நான் அவர்களைக் கேட்டதும்தான் இங்கே இருக்கிறது. எந்த டெஸ்ட் உங்கள் பிள்ளைக்கு வேண்டும், எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது. நூறு பேர் வெளியே நிற்கும்போது அவர் சொல்லாமல் விட்டதைத்தான் நான் சொல்ல முடியும்.

“ஒன்றரை வயசாச்சு, இன்னும் நடக்கல. அவங்கப்பாவும் லேட்டாத்தான் நடந்தாராம். பொறுத்துப் பார்க்கலாமா?”

போய்க் காட்டிவிட்டு வந்து பொறுங்கள்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். நான் கட்டிக்கொண்டது என் தாய்மாமனை. அதனால் என் மாமியார் எனக்கு ஆயா. “உன் புருஷன் ரெண்டு வயசு வரைக்கும் தவழ்ந்துக்கினுதான் இருந்தான்” என்று ஆயா சொன்னதை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்தோம். பிறகு என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் மாமாவின் முதல் பிறந்தநாள் போட்டோ கிடைத்தது. கையில் பலூனோடு, யாரும் பிடிக்காமல், நட்டமாக நிற்கிறார். ஆயா பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காத பிள்ளையைக் குழந்தை மருத்துவர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். 4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, ஒரு வயதில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, இரண்டு வயதில் “பால் குடு”, “அப்பா வா” என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலும் அப்படித்தான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதை எண்ணுவார்கள். இரண்டு வயது வரைக்கும் அந்தக் கணக்கு.

ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு. பேசிய சொற்கள் நின்றுபோவது, நடந்த பிள்ளை விழ ஆரம்பிப்பது. எந்த வயதானாலும் உடனே கிளம்புங்கள்.

“எங்கே போய் ஆரம்பிக்கிறது?”

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. அங்கே குழந்தைகள் பிரிவில் காட்டலாம். அடுத்து எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் இருக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் போய், பச்சை லைன் மாறினால் அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். கைக்குழந்தையோடு பஸ்ஸில் மிண்ட் சிக்னலில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் அங்கேயே சொல்லி வையுங்கள். 2013 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வர வேண்டும். வளர்ச்சித் தாமதம் என்று பட்டால் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், செலவும் இல்லை. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நல்ல இடம். ஆனால் எண்ணூரில் இருப்பவருக்கு அது ஊரின் அந்தக் கோடி. ஒருமுறை முழு மதிப்பீட்டுக்குப் போய் வரலாம், வாரம் மூன்று நாள் தெரபிக்கு முடியாது. தெரபியை வீட்டுக்குப் பக்கத்திலேயே தேடுங்கள்.

“ரத்தமும் எடுக்கல, ஸ்கேனும் எடுக்கல. பொம்மையை வெச்சு விளையாட்டு காட்டி அனுப்பிட்டாங்க. இது டெஸ்ட்டா?”

எல்லா டெஸ்ட்டிலும் இதுதான் பெரிய டெஸ்ட். சிவப்புக் கட்டைகளை அடுக்கச் சொல்வது, மணியை ஆட்டிப் பார்ப்பது, துணிக்கடியில் பொருளை ஒளித்து வைப்பது எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. அதோடு நம்மிடம் கேள்வி கேட்பார்கள்: தானாகச் சாப்பிடுகிறாளா, சட்டையைக் கழற்றுகிறாளா, ஒன்றுக்கு வந்தால் சொல்கிறாளா. எல்லாம் சேர்த்து, பிள்ளையின் வயது இவ்வளவு, வளர்ச்சி வயது இவ்வளவு என்று எழுதுவார்கள். ஐந்து வயதுக்குள் இரண்டு மூன்று வகையில் பின்தங்கியிருந்தால் அதற்கு முழுமையான வளர்ச்சித் தாமதம் என்று பெயர். அது நோயின் பெயர் இல்லை. ஏன் என்று இனிமேல்தான் தேட வேண்டும் என்பதற்கான பெயர்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். “தானா சாப்பிடுவாளா?” என்று அந்த மேடம் கேட்டதும் “சாப்பிடுவா” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இன்னொரு அம்மா உட்கார்ந்திருந்தார், அவர் பிள்ளை சமர்த்தாகக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தது, எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் அவள் முறுக்கைக்கூடக் கையில் பிடிக்க மாட்டாள். ரிப்போர்ட்டில் கை வேலை பரவாயில்லை என்று வந்தது. நான்கு மாதம் கையை விட்டுவிட்டுக் காலுக்கு மட்டும் பயிற்சி நடந்தது. பிசியோ அக்கா ஒருநாள் பிஸ்கட் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வீட்டில் புளியங்கொட்டையைத் தேடிப் பொறுக்குகிறவள் அங்கே கட்டையைத் தொடவே மாட்டாள். அதனால் வீட்டில் செய்வதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பசி, தூக்கம், சளி இருக்கும் நாளில் இந்த டெஸ்ட் வேண்டாம், வேறு தேதி கேளுங்கள், கொடுப்பார்கள்.

“பேசலன்னுதானே வந்தோம். காதை எதுக்கு டெஸ்ட் பண்றாங்க?”

கேட்காத பிள்ளை பேசாது. டீவி சத்தத்துக்குத் திரும்புகிறாளே என்பீர்கள். பாதிக் காது கேட்கும் பிள்ளையும் திரும்பும். ஆனால் “ச”வும் “க”வும் அதற்குத் தனித்தனியாக விழாது. காதில் கோளாறு என்றால் மிஷின் வைத்தால் கேட்கும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையும் உண்டு. சரி செய்ய முடிந்த காரணத்தை முதலில் பார்த்துவிடுகிறார்கள்.

இதற்குப் பெரா டெஸ்ட் என்று பெயர். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன வயர் ஒட்டி, காதில் டிக்டிக் என்று சத்தம் விட்டு, மூளை வரைக்கும் அது போகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். வலி இல்லை, ஷாக் இல்லை. ஒரே தொல்லை, பிள்ளை தூங்க வேண்டும். முதல் தடவை என் மகள் போகிற ஆட்டோவிலேயே தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் விழித்தாள். பிறகு தூக்க மருந்து கொடுத்தும் மூன்று மணி நேரம் வராந்தாவில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் முழித்திருக்க வைத்து, காலை நான்கு மணிக்கு எழுப்பி, போகும் வழியெல்லாம் மாமா அவளைத் தோளில் போட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தார். நடந்தது. தூக்க மருந்தை அவர்கள் கண் முன்னால்தான் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள்.

“ஈஈஜி எடுக்கச் சொல்றாங்க. மூளைக்கு கரண்ட் வைப்பாங்களா?”

இல்லை. மூளையில் தானாக ஓடும் மின்சாரத்தை எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். வலிப்பு வருகிறதோ, பேச்சு நின்றுபோனதோ என்று சந்தேகம் இருந்தால் எழுதுவார்கள். முதல் நாள் தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது.

“எம்ஆர்ஐக்கு மயக்க மருந்தாம். பயமா இருக்கு.”

எனக்கும் இருந்தது. பிள்ளை அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், மிஷின் தாரை தப்பட்டை மாதிரி சத்தம் போடும், அதனால்தான் மயக்கம். காந்தத்தில் எடுப்பது, எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். பொதுவாகச் சாப்பாடு, பாக்கெட் பால் 6 மணி நேரம் முன்பு, தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு, தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த நேரம்தான் கணக்கு. அழுகிறதே என்று யாரோ ஒரு பிஸ்கட்டை வாயில் வைத்தால், மயக்கத்தில் அது வாந்தியாகி மூச்சுக்குழலுக்குள் போகும். கூட வரும் ஆயா, சித்தி எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது. கொலுசு, கம்மலைக் கழற்றியதில் தகராறு இல்லை. எங்கள் வீட்டில் சண்டை வந்தது தாயத்துக்கும் வெள்ளி அரைஞாணுக்கும். திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதியில் வைத்துக் கட்டியதை அவிழ்க்கக் கூடாது என்று ஆயா ஒரே பிடி. அரைஞாண் இல்லாத இடுப்பைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதாம். கடைசியில் கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு, தாயத்தை ஆயாவின் முந்தானையில் முடிந்துகொண்டு, ஸ்கேன் அறைக் கதவுக்கு நேரே உட்கார வைத்தோம். இருவருக்கும் திருப்தி.

“ரத்தத்துல என்ன பார்க்கிறாங்க?”

பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தைராய்டு அநேகமாக எல்லோருக்கும். அது குறைவாக இருந்தால் மாத்திரையில் சரிசெய்யக்கூடியது, தாமதித்தால் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். ரத்தசோகை, பி12 பார்ப்பார்கள். மாடிப்படி ஏறத் தடுமாறி, தொடையில் கை ஊன்றி எழும் பையன் என்றால் தசைக்கான சிபிகே. சொந்தத்தில் திருமணம், முன்பு இறந்த குழந்தை, காய்ச்சல் வந்தாலே சுருண்டுவிடும் பிள்ளை என்றால் வளர்சிதை மாற்றக் கோளாறுக்கான டெஸ்ட், அதாவது சாப்பிட்டதை உடம்பு சரியாக மாற்றிப் பயன்படுத்துகிறதா என்று பார்ப்பது.

நம் பக்கத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: ஈயம். காசிமேட்டில் வலையில் கோர்க்கும் ஈயக்குண்டை வாயில் போட்டுச் சப்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பழைய பேட்டரி உடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தத் துணியோடு பிள்ளையைத் தூக்குகிறார்கள். சுவரிலிருந்து உரியும் பழைய பெயிண்ட்டிலும் ஈயம் இருக்கலாம். மண், சுண்ணாம்பு தின்னும் பிள்ளை என்றால் இன்னும் கவனம். இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டி. நீங்கள் என்ன தொழில், வீட்டுக்குப் பக்கத்தில் என்ன பட்டறை என்று டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

“சொந்தத்துல கட்டினதாலயா? எல்லாரும் அதையே கேக்கறாங்க.”

முதல் சீட்டிலேயே அந்தக் கட்டம் இருக்கும். “சொந்தமா?” என்று கேட்ட நர்ஸிடம் “தாய்மாமா” என்றேன். அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நின்ற ஆயா வீடு வரும்வரை பேசவில்லை. கல்யாணத்தை முடித்து வைத்தவர் அவர்தானே.

விஷயம் இதுதான். எல்லோர் உடம்பிலும் கோளாறான மரபணு சில இருக்கும். அதற்கு ஜோடியான இன்னொன்று நன்றாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. ஒரே குடும்பத்தில் கட்டும்போது, தாத்தா பாட்டியிடமிருந்து வந்த அதே கோளாறு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் பிள்ளைக்கு வந்து சேரலாம். ஒரு மரபணு இப்படி இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்து சேரும் வாய்ப்பு, அத்தை மகன் மாமன் மகள் கட்டினால் பதினாறில் ஒன்று. தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒன்று. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அசலில் கட்டியவர்களும் அதே பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மரபணு டெஸ்ட்டில் மூன்று படி உண்டு. முதலாவது, மரபணுக்கள் இருக்கும் குரோமோசோமை எண்ணிப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோம் மாதிரியானவை அதில் தெரியும். அடுத்தது மைக்ரோஅரே, குரோமோசோமில் சின்னத் துண்டு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்க்கும். காரணம் தெரியாத தாமதத்தில் நூற்றுக்கு 15 முதல் 20 பிள்ளைகளுக்கு இதில் விடை வரும். மூன்றாவது எக்ஸோம், மரபணுவின் எழுத்துகளையே படிப்பது. அப்பா அம்மா ரத்தமும் கேட்பார்கள். ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும், வெளியில் செய்தால் பத்தாயிரங்களில் போகும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ரிசல்ட் வந்தால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா, அடுத்த பிள்ளைக்கு உதவுமா, ரிப்போர்ட்டை உட்கார வைத்து விளக்கப்போவது யார். மூன்றாவதுதான் முக்கியம். எங்களுக்கு ஓரிடத்தில் பதினான்கு பக்க ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனை எடுக்கவே இல்லை. அதில் “பொருள் தெளிவாகாத மாற்றம்” என்று ஒரு வரி. அது நோய் என்று அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. அந்த ஒரு வரியோடு இருபது நாள் தூங்கவில்லை நான்.

“எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். அப்புறம் ஏன் என் புள்ள இப்படி இருக்கு?”

என் மகளுக்கும் நார்மல்தான். அந்த மாற்றத்தையும் கடைசியில் ஒரு மரபணு டாக்டர் பார்த்துவிட்டு, என்னிடமும் அது இருக்கிறது, அதனால் காரணம் அதுவாக இருக்காது என்றார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆயா பக்கத்து வீடுகளுக்கு கேசரி கிண்டிக் கொடுத்தார், தன் மேல் பழி இல்லை என்று ஆனதால். நான் மட்டும் மிஷினில் உட்கார்ந்து ஒரே பிளவுஸுக்கு இரண்டு தடவை கை வைத்துப் பிரித்தேன். ஒரு நோய் வந்தே தீர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பேர் இருந்தால் அதைத் திட்டவாவது முடியும்.

நார்மல் என்றால், இந்த இடங்களில் தேடினோம், அங்கே இல்லை என்று அர்த்தம். எம்ஆர்ஐ மூளையின் உருவத்தைக் காட்டும், வேலை செய்யும் விதத்தைக் காட்டாது. எக்ஸோம் டேட்டாவைப் பத்திரமாக வைத்திருங்கள். புதுப் புது மரபணுக்கள் தெரிய வர வர, இரண்டு மூன்று வருடம் கழித்து அதையே மறுபடி படித்துப் பார்த்தால் சிலருக்கு விடை கிடைக்கிறது. மறுபடி ரத்தம் கொடுக்கத் தேவையில்லை.

“ரிசல்ட் வந்ததும் தெரபி ஆரம்பிச்சுக்கலாமா?”

கூடாது. இதைத்தான் பெஞ்சில் எல்லோரிடமும் குரலை உயர்த்திச் சொல்வேன். உட்காராத பிள்ளையை உட்கார வைக்க, பேசாத பிள்ளையைப் பேச வைக்கச் செய்யும் பயிற்சி, காரணம் எதுவானாலும் பெரும்பாலும் ஒன்றுதான். எங்களுக்கு எல்லா டெஸ்ட்டும் முடியும்போது அவளுக்கு நான்கு வயது. அதற்குள் அவள் நடந்துவிட்டாள். மூன்று வயதில், ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற அன்றைக்கு, மைக் செட் சத்தத்தைப் பார்த்து நான்கு அடி.

வீட்டில் செய்வதுதான் பாதித் தெரபி. கீரை ஆய விடுவது, பட்டன் டப்பாவில் பெரியது சின்னது பிரிப்பது, தண்ணீர் கேட்டால் உடனே நீட்டாமல் “த…” என்று ஆரம்பித்துவிட்டு அவள் வாயைப் பார்ப்பது.

“போன் பார்த்ததாலதான் இப்படி ஆச்சா?”

போன் ஆட்டிசத்தை உண்டாக்காது. ஆனால் போன் பார்க்கும் நேரத்தில் பிள்ளை யாரோடும் பேசுவதில்லை. நிறுத்துங்கள். என் பிள்ளைக்கு ஊட்டும்போது நானும் கொடுத்திருக்கிறேன், அதனால் யாரையும் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை.

“ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடும்னு விளம்பரம் பார்த்தோம்.”

தாலியை அடகு வைக்காதீர்கள். ஸ்டெம் செல் பற்றிய 2017 தேசிய வழிகாட்டி நெறிகளின்படி ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி மட்டுமே. ஆராய்ச்சிக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது.

“வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டேங்கிறார்.”

மாமா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுகம் கேட் வரிசையில் நின்றால் ஒரு நாள் போய்விடும். வந்தது மொத்தம் நான்கைந்து தடவை. எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரு நாள் அவர் போனில் பிள்ளையின் எல்லா ரிப்போர்ட்டும் போட்டோவாக இருப்பதைப் பார்த்தேன். ராத்திரி வரிசையில் நிற்கும்போது படித்த டிரைவர் தம்பி ஒருத்தனை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்த்திருக்கிறார். “கார்பஸ் கலோசம் நல்லா இருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் என்னம்மா?” என்று, மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கும் பகுதியின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அழுகையும் சிரிப்பும் வந்தது. அதன் பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டேன். வாய்ஸ் மெசேஜில் வரும், நான் கேட்டுவிட்டு வந்து சொல்வேன். வேலை ஒன்றைக் கையில் கொடுத்தால் சில ஆண்கள் வருவார்கள். வராதவர்களும் இருக்கிறார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

“கார்டு வாங்கினா புள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?”

நானும் ஒரு வருடம் அப்படி நினைத்துத் தள்ளிப் போட்டேன். அந்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவதும், பயன்படுத்தாமல் பீரோவில் வைப்பதும் உங்கள் இஷ்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். பராமரிப்பு உதவித்தொகை, பயணச் சலுகை, பள்ளியில் சலுகை எல்லாம் அதை வைத்துத்தான். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. நாம் இன்னொரு காப்பீட்டில் தேடி அலையும் தெரபிச் செலவையும் அதில் ஓரளவு கேட்கலாம்.

“பையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?”

ஒரே ஃபைல், தேதி வரிசையில். மேலே தாய் சேய் நல அட்டையும் பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியும். பிறந்ததும் அழுததா, எடை எவ்வளவு, எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் என்று ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்பது அதைத்தான். எம்ஆர்ஐ சிடியைக் கேட்டு வாங்குங்கள், பேப்பர் மட்டும் போதாது. ஜெராக்ஸ் இரண்டு செட். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நான் ஒருமுறை விட்டு, இன்றுவரை கிடைக்கவில்லை. மாற்றுச் சட்டை இரண்டு, மயக்கம் தெளிந்ததும் ஒன்று கட்டாயம் நனையும். பிள்ளைக்குப் பழகிய துணி ஒன்று. எங்களுக்கு அது என் பழைய நைட்டியின் கை. உங்களுக்கு ஒரு டப்பா இட்லி, ஏனென்றால் பன்னிரண்டு மணிக்கு டோக்கன் கூப்பிடும்போது கேன்டீனில் இருக்கக் கூடாது. தாலிக்கயிற்றில் கோர்த்திருக்கும் சேஃப்டி பின்னை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். எம்ஆர்ஐ அறைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போக வேண்டியிருந்தால் வாசலில் அதையும் கேட்பார்கள்.